இடப்பக்கத்து மூச்சு

ஏழாம் நம்பர் எலி இடது பக்கம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பிரிசில்லா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். அந்த அறையில் கண்ணை அவ்வளவாக நம்ப முடியாது. எலி இராத்திரியில் ஓடியாடும் பிராணி, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் பகலில் வருகிறவர்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்று ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் பொழுதையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற சாலையில், நடவு முடிந்த வயல்களின் மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஜன்னலில்லாத அறைக்குள் நடுநிசி. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு விளக்கு தானாக எரிந்து எலிகளுக்குப் பொழுது விடியும். நண்பகலில் உள்ளே போகிறவர்களுக்கு ஒரேயொரு சிவப்பு பல்புதான் துணை. அந்தச் சிவப்பு எலிக்குத் தெரியாதாம். உமியும் மூத்திரமும் கலந்த காரமான நெடி, குழாய் வழியாகக் காற்று இறங்கும் இரைச்சல், முப்பத்தாறு கூண்டுகளிலும் நகம் பிறாண்டும் சத்தம், இவற்றுக்கு நடுவில் பதினோரு வருஷமாகத் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். ஒரு நாளும் பயந்ததில்லை.

கூண்டை எடுத்து பல்புக்கு நேரே பிடித்தாள். எலி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இடது விலா ஏறி இறங்கியது. வலது விலா மரக்கட்டையாகக் கிடந்தது. ஸ்டாப்வாட்சை அழுத்தி எண்ணினாள். நிமிஷத்துக்கு எண்பத்தெட்டு. எலிக்கு இருக்க வேண்டிய கணக்குதான், ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

எண்பத்தெட்டு என்று எழுதினாள். எந்தப் பக்கம் என்று எழுத நோட்டில் கட்டம் கிடையாது.

அந்த அறையில் இருந்தவை எல்லாம் வெள்ளை எலிகள். ஒவ்வொன்றின் மார்பையும் திறந்து இடது நுரையீரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறோர் எலியின் நுரையீரலைத் தைத்து வைத்திருந்தார்கள். முதல் வரிசைக்குத் தன் இனத்து வெள்ளை எலியுடையது. உடம்பு அதைச் சண்டை போடாமல் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் பழுப்பு எலியுடையது. இது நம்முடையது இல்லை என்று உடம்பு கண்டுபிடிக்கச் சில வாரம் ஆகும். கண்டுபிடித்த பிறகு அது அவசரப்படாது. நுரையீரலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைத் தழும்பால் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வரும். மனிதர்களுக்கும் இதேதான் நடக்கிறது, அதைத் தடுக்க நல்ல மருந்து இல்லை. அந்த மருந்தைத் தேடித்தான் ராஜமாணிக்கம் சார் இந்த எலிகளை வைத்திருந்தார்.

இரண்டாவது வரிசை எலிகள் மருந்தில்லாமல் இளைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஏழாம் நம்பர் இருந்த மூன்றாவது வரிசைக்குப் புது மருந்து. இருபத்துநான்கு நாளாக அதைக் குழாயால் வாயில் ஊற்றுபவள் பிரிசில்லாதான். அந்தப் பன்னிரண்டும் பத்தே நாளில் கொழுகொழுவென்று ஆகி, கூண்டுக் கம்பியில் ஏறி விளையாடத் தொடங்கிவிட்டன. பன்னிரண்டு வாரம் முடிந்து, அறுத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் எதையும் சொல்ல வேண்டும் என்பது முறை. பத்தாவது நாளே கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்துவிட்டுப் பிரிசில்லா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஏனென்றால் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், அவள் வீட்டில் இதே வியாதி உட்கார்ந்திருந்தது.

அவள் புருஷன் கதிரவன் கணக்கு வாத்தியார். காரணம் தெரியாமல் இரண்டு நுரையீரலும் இறுகிப்போய், மூன்று வருஷத்துக்கு முன் சென்னையில் இடது பக்கத்துக்கு மட்டும் மாற்று நுரையீரல் வைத்தார்கள். விபத்தில் இறந்த யாரோ ஓர் இளைஞனுடையது. பேர் சொல்ல மாட்டார்கள். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் படி ஏறினால் இரைத்தது, பிறகு பேசினால் இரைத்தது. குழாய்கள் அடைபட ஆரம்பித்துவிட்டன என்றார்கள் சென்னையில். காலையும் மாலையும் ஊதச் சொல்லி ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தார்கள். மூச்சின் அளவை அது லிட்டரில் காட்டும். கதிரவன் அதை கிராஃப் தாளில் குறித்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தான். கோடு சரிந்துகொண்டே வந்தது.

புது மருந்து தூளாகச் சின்னக் குப்பியில் வரும். கலக்கிவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். பன்னிரண்டு எலிக்கு எவ்வளவு வேண்டும், குப்பியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. மீதியைக் கழிவு டப்பாவில் கொட்டிவிட்டு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி பிரிசில்லா. இன்னொருவர் எலிகளுக்குத் தீனி வைக்கும் அட்டெண்டர் பொன்னுரங்கம். அவர் கொட்டுவதைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர். எலியின் எடையிலிருந்து மனிதனின் எடைக்குக் கணக்குப் போடத் தெரிந்தவள் அவள். எலிகளுக்குத் தொடங்கிப் பதினாறாம் நாள், முதல் தடவையாக மீதியைக் கொட்டாமல் கைப்பைக்குள் வைத்தாள்.

சென்னையிலிருந்து வந்த சத்துத்தூள் என்று கதிரவனிடம் சொன்னாள். அவன் நம்பினான். அவள் சொன்னால் எதையும் நம்புவான், அதுதான் அவளுக்கு வலித்தது.

ஏழாம் நம்பரைப் பார்த்த அன்று சாயங்காலம், சிதம்பரத்தில் ரயிலேறியதிலிருந்து வீட்டுக்கு வரும்வரை அவளுக்குப் பதற்றமாகவே இருந்தது. கதிரவன் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றும் சாக்கில் வாசற்படியிலேயே நின்று அவன் மார்பைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஏறி இறங்கியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பிள்ளைகள் போன பிறகு கருவியை ஊதிக் காட்டினான்.

"ஒன்னு நாப்பத்திரண்டு. பாத்தியாடி, போன மாசம் ஒன்னு பத்து. இனிமே ஒன்னும் செய்யறதுக்கில்லன்னு கைய விரிச்சாங்களே மெட்ராஸ்ல, இந்த கிராஃப எடுத்துனு போயி அவுங்க மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

"காட்டலாம் மாமா. மொதல்ல கஞ்சிய குடிங்க."

"குடிக்கிறேன். கசப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. சத்து இருக்கறதெல்லாம் ஏன்டி இப்பிடி கசக்குது?"

அவன் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்க் காய்ந்த துணியை எடுத்துவந்தான். ஒரு வருஷமாக அந்தப் படியில் கால் வைக்காதவன். பிரிசில்லா மாடிப்படியின் கீழே நின்று அவன் காலடியை எண்ணினாள். எங்கேயும் நிற்கவில்லை. அன்றைக்கு அவள் ஜெபம் செய்யும்போது ஏழாம் நம்பரைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாள் மூன்றாம் நம்பரும் பதினொன்றாம் நம்பரும் இடது பக்கம் மட்டும் மூச்சு விட்டன. அதற்கடுத்த நாள் ஆறு எலிகள். நான்காவது நாள், அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டும். கம்பியில் ஏறுவதை விட்டுவிட்டன. வலது பக்கத்தை உமியில் புதைத்து இடது பக்கத்தை மேலே காட்டிப் படுத்திருந்தன, எல்லாம் ஒரே திசையில். சிவப்பு வெளிச்சத்தில் பன்னிரண்டு வெள்ளை விலாக்கள் ஏறின, இறங்கின. நகச் சத்தம் முதல் இரண்டு வரிசையிலிருந்துதான் வந்தது.

சாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மருந்தை நிறுத்துவார், குப்பிகளை எடை போடுவார், கழிவு டப்பாவைச் சோதிப்பார். வேலை போகும், போலீஸ் வரும். இதையெல்லாம் அவள் யோசித்தாள். ஆனால் அவளைத் தடுத்தது இது எதுவும் இல்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்தான் தடுத்தது. நோட்டில் 'சீராக உள்ளது' என்று எழுதினாள்.

நாலாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் மருந்தை நிறுத்தி, வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். அன்று ராத்திரி கதிரவனுக்கும் நிறுத்தினாள். அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரை முகர்ந்தான்.

"இன்னைக்கி கசக்கலியே."

"தீந்துபோச்சு மாமா. எழுதி அனுப்பி வாங்கணும்."

"சீக்கிரம் வாங்குடி. அதுலதான் எனக்கு தேறுது."

தண்ணீர் குடித்த எலிகளுக்கும் மருந்து குடித்த எலிகளுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான் என்பது போல அவை படுத்தே கிடந்தன.

எலிகளுக்கு மருந்து தொடங்கி முப்பதாவது நாள் அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது பொன்னுரங்கம் ஏழாம் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷம் ஆயிரக்கணக்கான எலிகளைக் கையால் எடுத்து எறிந்தவர். கையுறையைக் கூட மாட்டாமல் நின்றார்.

"என்னாண்ணா?"

"இது செத்துப்போச்சும்மா."

"பைல போட்டுக் கட்டிடுங்க."

"வெறச்சி போயிருக்கு. ராத்திரியே செத்திருக்கும்." அவர் கூண்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே பாரு. எனக்கு மட்டும்தான் அப்பிடி தெரியுதான்னு சொல்லு."

எலியின் கண் மங்கிப்போயிருந்தது. நான்கு காலும் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. விரலால் தொட்டாள், ஈரத்துணியின் குளிர்ச்சி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், இருதயம் இருந்த இடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. சற்று இடப்புறமாக நகர்த்தினாள். அங்கே காற்று போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தெளிவாக, தடங்கலே இல்லாமல்.

"தெரியுது," என்றாள்.

பொன்னுரங்கம் தலையாட்டினார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு போனவர் அன்று முழுவதும் அந்த அறைப் பக்கம் வரவில்லை.

அறுத்துப் பார்க்கும் மேசையில் வைத்து மார்பைத் திறந்தாள். வலது நுரையீரல் சுருங்கிக் கறுத்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இருதயம் உறைந்திருந்தது. இடதுபுறம் பழுப்பு எலியிடமிருந்து வந்த நுரையீரல் ரோஜா நிறத்தில் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய தசைத் திரையை அவள் ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தாள். அதை இழுக்கவும் தள்ளவும் எதுவும் இல்லை. மூச்சுக்குழாயைக் கத்தரித்தாள். தனியாக எடுத்து ஃபார்மலின் ஜாடிக்குள் போட்டு மூடினாள். ஜாடியின் அடியில் கிடந்து அது விரிந்தது, குமிழ்கள் மேலே வந்தன. எண்பத்தெட்டு. எண்ணாமலே தெரிந்தது.

அதில் ஒரு தழும்பு கூட இல்லை. அவ்வளவு ஆரோக்கியமான நுரையீரலை அவள் பார்த்ததே இல்லை. உடம்பு நுரையீரலை ஏற்றுக்கொள்ளாமல் போவதைத்தான் இத்தனை வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தாள். நுரையீரல் உடம்பை வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

எலிகள் அவனுக்குப் பதினைந்து நாள் முன்னால் போகின்றன. இருபத்துநாலாம் நாள் வலது பக்கம் நின்றது. முப்பதாம் நாள் சாவு. கதிரவனுக்கு இன்று பதினைந்தாம் நாள். மேசையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

வெளியே வந்து, வாசல் வேப்பமரத்தடியில் நின்று சென்னை மருத்துவமனைக்குப் போன் செய்தாள். நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் ஸ்ரீமதி எடுத்தாள். குரலே சந்தோஷமாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் அனுப்புன ரீடிங்லாம் பாத்தோம்மா. டாக்டருக்கே ஆச்சரியம். இந்த ஸ்டேஜ்ல யாருக்கும் ஏறினதில்ல. நாங்க குடுத்தது தவிர வேற ஏதாவது மருந்து எடுக்குறாரா?"

வெயில் சுட்டது. சாலையில் ஒரு டிராக்டர் நாற்றுக்கட்டை ஏற்றிக்கொண்டு போனது. அவள் வாயில் உண்மை நின்றுகொண்டிருந்தது. உதட்டைத் திறந்தால் போதும்.

"இல்லம்மா," என்றாள் பிரிசில்லா. "வேற எதுவும் இல்ல."

"அப்ப வழக்கமான தேதிக்கே வாங்க."

அந்த ஒரு பொய்க்கு ஒன்பது நாள் போனது. ஒவ்வொரு நாளும் ஓர் எலி, சில நாள் இரண்டு. சாகும், ஆனால் மூச்சு நிற்காது. அறுத்து எடுத்தவற்றை ஜாடிகளில் போட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ராஜமாணிக்கம் சார் டெல்லியில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அலமாரிக்குள் குமிழ்கள் வெடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அடுப்பில் சோறு கொதிப்பதைப் போல. பொன்னுரங்கம் தீனியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவார். கழிவு நோட்டை நீட்டியபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மீதிய நீ எங்கம்மா கொட்டுன?" என்று மட்டும் கேட்டார். அவள் நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

வீட்டில் கதிரவனின் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்று எழுபது. ஒன்று தொண்ணூறு. இரண்டு பத்து. ஊதிவிட்டு அவனே எண்ணைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிப்பான். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வாசற்படியில் நின்று அவன் மார்பைப் பார்த்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு பக்கமும் அசைந்தன. மருந்தைப் பதின்மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோமே, மனிதன் எலி இல்லையே, தப்பித்திருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை அவளுக்குள் வளர்ந்துவிட்டது.

கதிரவனுக்கு இருபத்துநாலாம் நாளான அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். டியூஷன் பிள்ளைகள் வரவில்லை. வீட்டுக்குள் விளக்கு போடாமல் கதிரவன் கட்டிலில் வலது பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அவள் ஈரக் காலோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"வந்துட்டியா," என்றான். "காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்குதுடி. வலிலாம் இல்ல. வலது பக்கம் கனமா, மூட்டைய கட்டிவுட்ட மாதிரி."

"எழுந்து உக்காருங்க மாமா."

எழுந்து உட்கார்ந்தான். ஜன்னல் வெளிச்சம் பனியன் மேல் விழுந்தது. இடது பக்கம் ஏறியது. இறங்கியது. வலது பக்கம் சும்மா இருந்தது.

"ஒன்னு காட்டறேன் பாரு," என்றான் அவன். குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "மத்தியானம்தான் கவனிச்சேன்." வாயை இறுக மூடிக்கொண்டு மூச்சை அடக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. உதடு மூடியபடியே இருந்தது. மூக்குத் துளைகள் மட்டும் தாமாகவே விரிந்தன. இடது விலா ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவன் வாயைத் திறந்தான். "நான் வுடல பிரிசி. அது வுடுது."

அவள் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். குப்பி, கைப்பை, கஞ்சி, எலிகள். சென்னைக்குச் சொன்ன பொய். மழைச் சத்தத்தில் அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பாடம் புரியாத பிள்ளை தப்பாகச் சொல்லும்போது கேட்பானே, அதே பொறுமையோடு.

"எத்தன எலி?" என்றான் கடைசியில்.

"பன்னெண்டு."

"பன்னெண்டுக்குமா?"

அவள் தலையை அசைத்தாள்.

"இதுக்கப்பறம் எத்தன நாளு?"

"ஆறு. ஆறு நாளு மாமா. அதுக்குள்ள ஒன்ன கூட்டினு போயி, நானே எல்லாத்தயும் டாக்டர்கிட்ட சொல்லி, அந்த நுரையீரலயே எடுத்துட சொல்றேன். ஆறு நாளு இருக்குது."

முதல் தடவையாக அவனை ஒருமையில் கூப்பிட்டுவிட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவன் அவள் தலையில் கை வைத்தான். கை ஜில்லென்றிருந்தது.

"அழாத. எனக்காகத்தான செஞ்ச," என்றான்.

ஸ்ரீமதிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். உடனே கிளம்பி வாருங்கள் என்று மட்டும் வந்தது பதில். டாக்ஸிக்காரன் தண்ணீர் வடியட்டும், விடிகாலை ஐந்து மணிக்கு வருகிறேன் என்றான். துணி எடுத்து வைத்தாள், ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்தாள். கதிரவன் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தான். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இழுப்பில்லை, இரைப்பில்லை. ஒரு வருஷமாக அவள் ஆண்டவரிடம் கேட்ட மூச்சு அதுதான். ஆறு நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். எலிக்கு ஆறு நாள் என்றால் மனிதனுக்கும் ஆறு நாள் என்று யார் சொன்னது? எலிக்கணக்கு மனிதனுக்கு அப்படியே பொருந்தாது என்பதை அந்தக் கூடத்தில் முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

டாக்ஸியின் ஹார்ன் கேட்டு விழித்தாள். அசந்திருக்கிறாள்.

மடி குளிர்ந்திருந்தது.

"மாமா."

மூச்சு வந்தது. போனது.

"மாமா, எழுந்திரிங்க. வண்டி வந்துடுச்சி."

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றது. கண் பாதி திறந்திருந்தது. கை விரல்கள் மடங்க மறுத்தன. இடது பக்கம் ஏறியது. இறங்கியது.

தெருக்கோடி டாக்டரை டாக்ஸிக்காரன்தான் கூட்டி வந்தான். அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார். "நின்னு நாலு மணி நேரமாவது ஆயிருக்கும்மா."

"மூச்சு இருக்குது சார். இங்க வச்சு பாருங்க. இந்தப் பக்கம்."

"அப்பிடித்தான் தோணும் நமக்கு," என்றார் இதமாக. அவளைச் சமாதானப்படுத்தவே குனிந்து உள்ளங்கையை இடது மார்பில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அவருடைய தோள் இறுகுவதை அவள் பார்த்தாள். அப்புறம் கையை மெதுவாக எடுத்து, பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். சான்றிதழில் நேரத்தை எழுதி மேசை மேல் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், குடையையும் எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அண்ணாகிராமத்திலிருந்து கதிரவனின் அண்ணன் மணவாளன் ஆட்களோடு வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். தாடையைத் துணியால் கட்டினார்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், மூக்கில் பஞ்சு வைத்தார்கள். மழை காரணமாகச் சாயங்காலம்தான் எடுக்க முடியும் என்று சொல்லி வாடகைக்கு ஐஸ் பெட்டி வந்தது. கூடத்தின் நடுவில் வைத்துக் கரண்டில் மாட்டினார்கள். அவனை அதற்குள் கிடத்தி, மார்பு மறைய மாலைகளைப் போட்டு, கண்ணாடி மூடியை இறக்கினார்கள். பெட்டி உறுமியது. பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பிரிசில்லாவைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

அவனுடைய முகத்துக்கு மேலே, கண்ணாடியில் சின்னதாகப் பனி படர்ந்தது.

சுருங்கியது.

மணவாளன் துண்டால் துடைத்தார். போகவில்லை. பெட்டிக்காரனைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார்.

"குளிர் ஏறுற வரைக்கும் அப்பிடித்தாங்க இருக்கும்," என்றான் அவன். "கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

பன்னிரண்டு மணி ஆனது. இரண்டு மணி ஆனது. அவன் உதடு நீலமானது, நெற்றியில் வைத்த காசைச் சுற்றித் தோல் மெழுகாக இறுகியது. மூக்கிலிருந்த பஞ்சு உள்ளே போனது. வெளியே வந்தது. மாலைகளில் இடது பக்கத்துச் சாமந்திகள் மட்டும் உயர்ந்தன. யாரும் பார்க்கவில்லை. சாவு வீட்டில் செத்தவர் மார்பை யார் பார்ப்பார்கள்?

"நேரமாவுதும்மா," என்று மணவாளன் அவள் காதருகே குனிந்து சொன்னார். "சுடுகாட்டுல வெறகு அடுக்கிட்டாங்க. கடைசியா ஒரு தடவ மொகத்த பாத்துக்க."

பிரிசில்லா கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தாள். முகம் தெரியவில்லை. உள்ளிருந்து வெள்ளையாகப் படர்ந்த மூச்சு மூடியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போயிருந்தது. ஒரு நாளும் கதிரவனால் அவ்வளவு பெரிய மூச்சை ஊத முடிந்ததில்லை. அது சுருங்கி, அவன் மூக்கு நுனிக்கு மேலே ஒரு புள்ளியாகி, மறுபடியும் நிதானமாகப் படர்ந்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உள்ளங்கைகளைத் தொட்டு நின்றது.